மேண்டில் எரிகிறது, படலம் மங்குகிறது

ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் கோயிலில் மே மாதம் திருவிழா. என் சிறுவயதில் அங்கே போட்டிருந்த பொரிகடலைக் கடை, வளையல் கடை எல்லாவற்றிலும் பெட்ரோமாக்ஸ் விளக்குதான். சாயங்காலம் கடைக்காரர் புது மேண்டிலை எடுத்துக் கட்டி முதலில் அதைக் கொளுத்திவிடுவார். துணிப்பை எரிந்து சாம்பலாகும், ஆனால் உதிராது. வலையின் வடிவத்திலேயே வெள்ளைக் கூடாகத் தொங்கும். அதன் பிறகுதான் காற்றடித்துச் சீமெண்ணெயை ஏற்றுவார். "தொட்டுறாத கண்ணு, பொடிப்பொடியாப் போயிரும்" என்று அதட்டல் வேறு. அந்தக் கூடு சூடேறச் சூடேறக் கண்ணைப் பறிக்கும்.

பல வருஷம் கழித்து, ஒரு ஆய்வுக்கூடத்தில் ஏறக்குறைய அதே பொருளின் மெல்லிய பூச்சு ஒன்றைப் பார்த்தேன். புறஊதா ஒளி பட்டதும் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. அடியில் இருந்த சூடேற்றியைப் போட்டு வெப்பநிலையை ஏற்ற ஏற்ற, சிவப்பு மங்கிக்கொண்டே வந்து கடைசியில் காணாமலே போனது. மேண்டிலைச் சூடு எரியவிடுகிறது, இந்தப் பூச்சைச் சூடு அணைத்துவிடுகிறது. யிட்ரியம், சீரியம், யூரோப்பியம் போன்றவற்றை அருமண் தனிமங்கள் என்பார்கள்; அந்த அருமண் ஆக்சைடுகளில் வெப்பம் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள இந்த முரண்பாட்டிலிருந்து தொடங்குவதுதான் சுலபம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் சாம்பல் கூட்டின் கதை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் வேதியியலாளர் பன்சனிடம் படித்தவர். 1885-இல் நியோடைமியம், பிரசியோடைமியம் என்ற இரண்டு அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்தவரும் அவரே. அருமண் உப்புக் கரைசலில் நனைத்த துணியை எரித்தால் மிஞ்சும் ஆக்சைடு தீச்சுடரில் பிரகாசமாக ஒளிர்வதைக் கண்டு, அதையே விளக்காக்கினார். 1891 வாக்கில் சரியான கலவை கைக்கு வந்தது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. இந்த இரண்டும் கிடைக்கும் மோனசைட் மணலுக்கு உலகமெங்கும் தேடல் நடந்தது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சி அந்தக் கடற்கரையில் உள்ளதுதான். தோரியத்தில் கதிரியக்கம் உண்டு என்பதால், பிற்காலத்தில் பல மேண்டில்களில் அதன் இடத்துக்கு யிட்ரியம் ஆக்சைடு வந்தது.

அந்த 1 பங்கு சீரியத்தில்தான் சூட்சுமம். சூடான எந்தப் பொருளும் கதிர் வீசும். எந்த நிறத்தை நன்றாக உறிஞ்சுமோ அதே நிறத்தைத்தான் நன்றாக வீசும் என்பது கிர்க்காஃப் விதி. தோரியம் ஆக்சைடு அகச்சிவப்பையும் அதிகம் வீசாது, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதிகம் வீசாது. அகச்சிவப்பாக ஆற்றலை இழக்காததால் கூடு ஏகமாகச் சூடேறுகிறது. துளி சீரியம் சேர்ந்ததும் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் மட்டும் வாசல் திறக்கிறது, வெளிச்சம் பீறிடுகிறது. சீரியத்தை அள்ளிப்போட்டால் அகச்சிவப்பிலும் வாசல் திறந்து, கூடு குளிர்ந்து, வெளிச்சம் குறையும். சாம்பாருக்குப் பெருங்காயம் போடும் கணக்கு.

இந்த ஒளி முழுக்க முழுக்கச் சூட்டின் காசில் வருவது. சூடு இல்லையென்றால் அது இல்லை.

ஆய்வுக்கூடத்துப் பூச்சின் ஒளி வேறு சாதி. அது யிட்ரியம் ஆக்சைடு. அதில் நூற்றுக்குச் சில யிட்ரியம் அணுக்களின் இடத்தில் யூரோப்பியம் உட்கார்ந்திருக்கிறது. பழைய குழல்விளக்குகள் பலவற்றிலும் சி.எஃப்.எல். பல்புகளிலும் சிவப்பைத் தந்தது இதே பொருளின் பொடிதான். பாதரச ஆவி வீசும் 254 நானோமீட்டர் புறஊதாவை வாங்கிக்கொண்டு, சுமார் 611 நானோமீட்டரில் சிவப்பாகத் திருப்பித் தரும். காசு வெளியிலிருந்து வருகிறது. பொருள் சூடாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கடனாக வந்த ஆற்றலை ஒளியாகத் திருப்பிக் கொடுப்பதா, வெப்பமாக உள்ளேயே கரைத்துவிடுவதா என்பதுதான் இங்கே கேள்வி. சூடு ஏறும்போது இரண்டாவது வழி அகலமாகிறது. இதை வெப்ப மங்கல் என்று சொல்லிக்கொள்வோம்.

ஏன் அகலமாகிறது? புறஊதாவை வாங்கிய யூரோப்பியம் அணு உடனே ஒளிவிடுவதில்லை. சுமார் ஒரு மில்லிநொடி அந்த ஆற்றலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ஒரு மில்லிநொடி நமக்குக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் படிகத்துக்குள் அணுக்கள் நொடிக்குப் பத்து லட்சம் கோடி முறை என்ற அளவில் அதிர்கின்றன. ஆக, ஒளிவிடுவதற்கு முன் அந்த யூரோப்பியத்தைச் சுற்றியிருப்பவர்கள் ஆயிரம் கோடி முறை அதை அசைத்துப் பார்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு அசைவும் ஒரு வாய்ப்பு: ஆற்றல் ஒரு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டால் ஒளி இல்லை, வெப்பம்தான்.

மேடு எவ்வளவு உயரம், சூடு எவ்வளவு என்பதைப் பொறுத்து வாய்ப்பு மாறும்; அதுவும் அடுக்குக்குறி வேகத்தில், அதாவது மடங்கு மடங்காக மாறும். ஒரு எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) உயரமுள்ள மேடு என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 27 டிகிரி செல்சியஸில் தாண்டல் நொடிக்கு ஒரு தடவைகூட இல்லை, அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல், இல்லையென்றே சொல்லலாம். 127 டிகிரியில் நொடிக்கு இரண்டு மூன்று. யூரோப்பியம் ஒளிவிடும் வேகம் நொடிக்கு 1,000 என்பதால் அதுவும் பொருட்டில்லை. 227 டிகிரியில் தாண்டல் 800-ஐத் தொடுகிறது. ஒளி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 327 டிகிரியில் தாண்டல் 40,000. மிச்சமிருக்கும் ஒளி நூற்றுக்கு இரண்டோ மூன்றோ.

சூடு ஏற ஏற ஒளி எப்படிக் குறைகிறது என்று வரைந்து பார்த்தால், சேர்வராயன் மலையில் நடந்தவர்களுக்கு அந்த வரைபடம் புதிதல்ல. மேலே ஏரி, காப்பித் தோட்டம் என்று மேடும் பள்ளமுமாக அப்படி இப்படிப் போய்க்கொண்டிருக்கும். லேடீஸ் சீட் போய்ச் சேர்ந்ததும் திடீரென்று தரை முடிந்து, கீழே சேலம் தெரியும். வெப்ப மங்கலும் அப்படித்தான்: நெடுந்தூரம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும், விளிம்பு வந்ததும் விழும். அந்த விளிம்பு எங்கே என்பது பொருளுக்குப் பொருள் வேறு. நன்றாகப் படிகமான யிட்ரியம் ஆக்சைடு–யூரோப்பியத்தில் மேடு உயரம். பல நூறு டிகிரிக்குத் தாக்குப்பிடிக்கும். அருமண் அணுக்களின் ஒளிவிடும் எலக்ட்ரான்கள் 4எஃப் என்ற உள்கூட்டில் இருக்கின்றன, வெளிக்கூடுகள் அவற்றைப் போர்த்தி வைத்திருக்கின்றன. அதனால்தான் கோடு கிழித்தாற்போல் மெல்லிய நிறக்கோடுகள் வருகின்றன. சுற்றுப்புறத்தின் ஆட்டபாட்டமும் பெரிதாக எட்டுவதில்லை. 5டி கூட்டைப் பயன்படுத்தும் சீரியம் போன்றவற்றுக்கு இந்தப் போர்வை கிடையாது. அவற்றின் ஒளிப்பட்டை அகலமானது. இருக்கும் படிகத்தைப் பொறுத்து அவற்றின் தாக்குப்பிடிக்கும் சூடு தாறுமாறாக மாறும்.

இதுவரை சொன்னது நல்ல படிகத்துக்கு. மென்படலம் என்று வந்துவிட்டால் விளிம்பு அவ்வளவு கூர்மையாக இருக்காது. சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள பூச்சில் கணிசமான அணுக்கள் மேற்பரப்பை ஒட்டியும், மணிகளின் (படலத்தை ஆக்கும் நுண்படிகங்களின்) எல்லைகளை ஒட்டியும் இருக்கின்றன. ஒவ்வொருவர் வீட்டு மேடும் ஒரு உயரம். குட்டையான மேடு உள்ளவை சீக்கிரமே மங்கிவிடும், மற்றவை தாமதிக்கும். சேர்த்துப் பார்த்தால், லேடீஸ் சீட்டின் செங்குத்துச் சரிவு இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவோடு இறங்கும் மலைப்பாதை. படலத்தை எப்படிச் செய்தார்கள் என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

அதற்கு சேலத்துக்காரர்கள் வேறெங்கும் போக வேண்டாம், வெள்ளைக்கல்லைப் பார்த்தால் போதும். நகரத்துக்கு வடக்கே கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடக்கும் மேக்னசைட். என் மாமா ஒருவர் சூளையில் வேலை பார்த்தவர். "கல்லு அதேதான் கண்ணு, தீதான் வேற" என்பார். மேக்னசைட்டை எரித்தால் கரியமில வாயு போய் 100 கிலோவில் 48 கிலோ மக்னீசியம் ஆக்சைடுதான் மிஞ்சும். இளஞ்சூட்டில் எரித்தால் நுண்துளைகளோடு, தண்ணீரோடும் அமிலத்தோடும் சட்டென்று வினைபுரியும் தூள் கிடைக்கும். 1,500 டிகிரிக்கு மேல் எரித்தால் மணிகள் பெருத்து, இறுகி, எதற்கும் அசைந்து கொடுக்காத பொருளாகிவிடும்; எஃகு உலைக்கு உட்சுவர்ச் செங்கல் செய்வது அதில்தான். வேதிப்பெயர் இரண்டுக்கும் ஒன்றே.

அருமண் படலத்திலும் இதுவேதான் நடக்கிறது. கரைசலைச் சுழற்றிப் பூசினாலும், தெளித்துச் சுட்டாலும், வெற்றிடத்தில் அணுக்களைத் தட்டிப் படியவைத்தாலும், குறைந்த சூட்டில் உருவான படலம் பெரும்பாலும் ஒழுங்கற்றது. கரைசலிலிருந்து வந்ததாக இருந்தால் உள்ளே ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணை) மிச்சங்களும் இருக்கும். இவைதான் ஒளிக்கு முதல் எமன். யூரோப்பியம் தன் ஆற்றலை ஒளியில்லாமல் கரைக்க வேண்டுமென்றால் சுமார் 12,000 அலகு உயரம் இறங்க வேண்டும் (நிறமாலைக்காரர்கள் பயன்படுத்தும் அலகு, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு). யிட்ரியம் ஆக்சைடின் அதிர்வு ஒவ்வொன்றும் சுமார் 600 அலகுதான் வாங்கும். இருபது படி ஒரே நேரத்தில் இறங்கினால்தான் உண்டு, அது நடக்கிற காரியமில்லை. ஹைட்ராக்சிலின் அதிர்வோ 3,400 அலகுக்கு அருகே. நாலே படி. எர்பியம் என்ற இன்னொரு அருமண்ணின் 1.5 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கு நிலைமை இன்னும் மோசம், இரண்டே படியில் தரை.

ஆகவே படலத்தை உலையில் வைத்துப் பதமாகச் சுட வேண்டும். 600 டிகிரிக்கு மேல் போகப் போக ஹைட்ராக்சில் வெளியேறுகிறது, கனசதுரப் படிகம் உருவாகிறது, மணிகள் வளர்கின்றன, 611-இன் கோடு கூர்மையாகிறது. 900, 1,000 டிகிரியில் சுட்ட படலம் அறைவெப்பத்தில் பல மடங்கு பிரகாசமாக இருப்பது வழக்கம். ஒளியை அணைக்கும் அதே சூடுதான் முன்பு ஒளிரும் தகுதியைக் கொடுத்தது. சுடும்போதைய சூடு வேறு, ஒளிரும்போதைய சூடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட மாணவர் அறிக்கைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் சுடலாமா என்றால், முடியாது. சிலிக்கான் மேல் பூசிய படலத்தை மிகுந்து சுட்டால் எல்லையில் யிட்ரியம் சிலிக்கேட் உருவாகும். பிறகு யூரோப்பியத்தின் கோடுகள் இடம் மாறும், கலங்கும். குவார்ட்ஸ் மேல் பூசினால் தொல்லை வேறு மாதிரி. யிட்ரியம் ஆக்சைடு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 8 பங்கு விரியும், குவார்ட்ஸ் கண்ணாடி அரைப்பங்குதான். 900 டிகிரியிலிருந்து அறைவெப்பத்துக்குக் குளிரும்போது, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் படலம் சுமார் 65 மைக்ரோமீட்டர் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும். அடித்தளம் விடாது. வெயிலில் காய்ந்த ஏரிப் படுகைபோலப் படலம் வெடிப்பது அப்போதுதான்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். சுட்டபின் படலம் பிரகாசமாகத் தெரிவதெல்லாம் உள்ளே ஒளி கூடியதால்தான் என்று நம்பிவிடக் கூடாது. யிட்ரியம் ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 1.9. வழவழப்பான படலத்தில் பிறக்கும் ஒளியில் மேற்பக்கம் வழியாக நேரே வெளியேறுவது நூற்றுக்கு 7, 8 பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி உள்ளேயே மோதி மோதிப் பக்கவாட்டில் ஓடிவிடும். சுட்டதில் மணிகள் வளர்ந்து மேற்பரப்பு சொரசொரப்பானால், சிக்கியிருந்த ஒளியில் ஒரு பங்கு வெளியே சிதறும். கண்ணுக்குப் பிரகாசம், ஆனால் யூரோப்பியத்துக்கு அதில் எந்தப் பெருமையும் இல்லை. இரண்டையும் பிரித்தறிய ஒளி அணையும் நேரத்தை, அதாவது புறஊதாவை நிறுத்தியபின் ஒளி மங்க எடுக்கும் நேரத்தை அளக்க வேண்டும். ஒளியின் அளவை மட்டும் வரைந்து காட்டும் கட்டுரைகளை நான் அரைமனதோடுதான் படிப்பது.

குழல்விளக்கிலும் இப்படியொரு ஏமாற்று உண்டு. மார்கழிக் காலையில் ஏற்காட்டில் ஒரு பழைய குழல்விளக்கைப் போட்டால் மங்கலாக எரியும். சேலத்துச் சித்திரை வெயிலில் மூடிய கூண்டுக்குள் எரிந்தாலும் கொஞ்சம் மங்கும். இது அருமண் பொடியின் வெப்ப மங்கல் அல்ல. குளிரில் பாதரச ஆவி போதாது. சூட்டில் ஆவி மிஞ்சிப்போய், தான் வீசிய புறஊதாவைத் தானே விழுங்கிக்கொள்கிறது. சாதாரண குழல்விளக்கு சுமார் 25 டிகிரிச் சூழலுக்கென்று அமைக்கப்பட்டது. பொடிக்குப் பத்து இருபது டிகிரியெல்லாம் ஒரு பொருட்டேயில்லை.

ஆனால் பத்து டிகிரியைக்கூடத் துல்லியமாகப் பிடிக்கும் அருமண் ஒன்று இருக்கிறது. எர்பியம். அதன் பச்சை ஒளி இரண்டு கோடுகளாக வரும்: 525 நானோமீட்டருக்கு அருகே ஒன்று, 550-க்கு அருகே ஒன்று. இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாடிகளிலிருந்து இறங்குபவை. மாடிகளுக்கு இடையே சுமார் 750 அலகு உயரம். அறைவெப்பத்தின் ஆற்றல் ஏறத்தாழ 207 அலகு. கீழ்மாடியில் இருப்பவர்களில் சிலரைச் சூடு மேல்மாடிக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். சூடு கூடினால் 525 வலுக்கும், 550 இளைக்கும். இரண்டின் விகிதம் ஒரு வெப்பமானி.

சேலத்தில் வைகாசி மதியம் 39 டிகிரி, அதே நேரம் ஏற்காட்டில் 29 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர், ஆகவே இது இயல்பான இடைவெளிதான். எர்பியம் கலந்த ஒரே படலத்தை அடிவாரத்தில் ஒருமுறையும் மலைமேல் ஒருமுறையும் அளந்தால், கீழே அந்த விகிதம் சுமார் 12 சதம் கூடுதலாக இருக்கும். ஒரு டிகிரிக்குச் சற்றேறக்குறைய 1.2 சதம். விளக்கைத் தள்ளி வைத்தாலும், படலத்தில் தூசி படிந்தாலும் இரண்டு கோடும் ஒன்றாகவே குறையும் என்பதால் விகிதம் அவ்வளவாகக் கெடாது. கம்பி இழுக்க வழியில்லாத இடங்களில், மின்புலம் மிகுந்த மின்மாற்றிகளுக்குள்ளோ சுழலும் பாகங்களிலோ, இப்படித் தூரத்திலிருந்தே சூடு பார்க்க முடிகிறது. படலம் மெல்லியது என்பதால் அடியில் உள்ள பரப்பின் சூட்டை உடனுக்குடன் பின்தொடரும். ஒரு எச்சரிக்கை மட்டும்: எர்பியத்தை எழுப்ப அகச்சிவப்பு லேசரைக் குவித்து அடித்தால் அந்த லேசரே படலத்தைச் சூடாக்கிவிடும். வெப்பமானியே காய்ச்சலோடு வந்து நிற்கும்.

எரிவாயுச் சுழலியின் (கேஸ் டர்பைன்) இறக்கைகளில் பூசும் வெப்பத்தடுப்புப் பூச்சுகளிலும் இந்த வித்தை உண்டு. அங்கே ஆயிரம் டிகிரியைத் தாண்டும். யூரோப்பியத்தின் ஒளி அணையும் நேரம் சூட்டோடு சுருங்குவதை அளந்து வெப்பநிலையைச் சொல்வார்கள், மங்கலே அளவுகோலாகிவிடுகிறது. ஆனால் அந்தச் சூட்டில் மேண்டில் திரும்பி வருகிறது. 600, 700 டிகிரி தாண்டினால் பரப்பே தணலாகச் சிவக்க ஆரம்பிக்கும். 611 நானோமீட்டரின் சிவப்பை அந்தத் தணல் சிவப்பு மூழ்கடிக்கும். அடித்த லேசரின் காசில் வந்த ஒளி எது, சூட்டின் காசில் வந்த ஒளி எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. லேசரைத் துடிப்புத் துடிப்பாக அடித்து, துடிப்போடு ஏறி இறங்குவதை மட்டும் கணக்கில் எடுப்பது ஒரு வழி. இன்னொரு வழி நிறத்தை மாற்றுவது. தணலில் நீலம் மிகக் குறைவு. அதனால் டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் கலந்த யிட்ரியம்–அலுமினியக் கார்னெட் என்ற படிகத்தைப் பூசி, 455, 490 நானோமீட்டர் பக்கத்து நீலக் கோடுகளின் விகிதத்தைப் பார்க்கிறார்கள்.

மாமா சூளையின் துவாரத்தில் கண்ணை இடுக்கிப் பார்த்து, செம்மையா, மஞ்சளா, வெள்ளையா என்று வைத்தே பதத்தைச் சொல்லுவார். அவர் நம்பிய அந்த நிறத்தைத்தான் இவர்கள் வடிகட்டித் தள்ளிவிட்டு, அதன் நடுவே ஒரு துளி நீலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.